முதல் மிதியில் பள்ளம், இரண்டாம் மிதியில் மேடு

போன ஆனி மாதம் சோளக்காடு என்ற ஊரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி 2007 மாடல் டீசல் பிக்கப். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால், கால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. இன்னும் இரண்டு அங்குலம் கீழே போன பிறகுதான் வண்டி பிடித்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். இந்த முறை பெடல் மேலேயே கல் மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு காரவள்ளி வரும் வரை இரண்டாம் கியரை மாற்றவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மிதி. அடிவாரத்தில் புளியமரத்தடியில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நின்றபோது முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லை மறந்துவிடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டும்.

சேந்தமங்கலம் வந்து சேர்ந்ததும், கேட்டவர்கள் அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: மலை இறக்கத்தில் பிரேக் ஆயில் கொதித்திருக்கும், மாற்றிவிடு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 ஆகிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரமானால் 155. சுமையோடு இறங்கும் வண்டியில் அந்த ஈரம் ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். ஆனால் அந்தக் கோளாறு சூடு ஆறினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மறுநாள் விடியற்காலையில், எஞ்சினை இயக்காமலே மிதித்துப் பார்த்தேன். முதல் மிதி பள்ளம், இரண்டாம் மிதி மேடு. இரவு முழுக்கக் குளிர்ந்த வண்டியில் கொதித்த ஆயில் எங்கிருந்து வரும்?

மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் மேலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பூஸ்டர் போனால் பெடல் இறுகிப்போகும், இறங்காது.

ஆனாலும் ஆயில் கறுத்துப்போயிருந்ததால் மாற்றிவிடலாம், அப்படியே உள்ளே சிக்கிய காற்றையும், அதாவது ஏரையும், எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் பெரும்பாலும் அது பின் இடது. என் மனைவி பெடலில், நான் வண்டிக்கு அடியில். "மிதி" என்பேன், "மிதிச்சாச்சுங்க" என்பாள், சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறப்பேன், மூடுவேன், "விடு" என்பேன். வெள்ளைக் குழாய் வழியாக முதலில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. நடுவே கடுகளவில் நாலைந்து குமிழி. பிறகு தெளிந்த ஆயில். நான்கு சக்கரமும் முடிந்தது. பெடலில் பெரிய மாற்றம் இல்லை. அதனால் அன்று மாலையே மறுபடியும் ஒருமுறை செய்தோம்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வைத்திருக்கும் பலரும் இதைச் செய்கிறார்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கச் சொன்னேன். ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் குழலின் முன்பாதியில்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள பகுதி வருடக்கணக்கில் தொடப்படாமல் துருவும் கசடும் படிந்து சொரசொரப்பாக இருக்கும். தரை வரை மிதித்தால், பிஸ்டனில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பின் மெல்லிய உதடு அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தால் போதும். கால் பாதியில் நின்றிருக்கும்.

கண்டுபிடித்தது என் மனைவிதான். இரண்டாம் நாள் கடைசி நிப்பிளை இறுக்கிவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டிரு என்றேன். சிறிது நேரம் கழித்து, "என்னங்க, நான் அழுத்தவே இல்லை, கால் தானாகக் கீழே போகிறது" என்றாள். இது புதுக் கோளாறு. வெளியே எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை. அப்படியென்றால் ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டித் திரும்பி வருகிறது.

நாமக்கல்லில் லாரி பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் வண்டியை மெதுவாகக் கொண்டுபோனேன். பிஸ்டனை வெளியே எடுத்து, கப்பை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். உதட்டில் நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. குழலுக்குள் டார்ச் அடித்தால் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். உள்ளே போடும் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "இந்தத் தழும்பு புதுக் கப்பையும் தின்றுவிடும் தம்பி" என்றார். முழு சிலிண்டரையே மாற்றினோம். புதியதை வண்டியில் பூட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் நிரப்பி, குமிழி நிற்கும் வரை பிஸ்டனைத் தள்ளித் தள்ளி ஏர் எடுத்தார். இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். எங்கோ ஒருவர் டீசலில் கழுவிய பழைய கப் ஒன்றை அவர் வைத்திருந்தார். புதுக் கப்புக்குப் பக்கத்தில் வைத்தால், ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது. பிரேக் ரப்பரின் பக்கம் டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவுமே போகக் கூடாது.

இப்போது பெடல் தானாக இறங்கவில்லை. ஆனால் பழைய வியாதி அப்படியே இருந்தது: முதல் மிதி பள்ளம். அண்ணன் பொருள் எதையும் வாங்கச் சொல்லவில்லை. பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸை, அது வெட்டுப்படாதபடி தட்டையான வாய் உள்ள கிளாம்பால் இறுக்கிவிட்டு மிதிக்கச் சொன்னார். பெடல் மேலேயே நின்றது. முன் சக்கரங்கள் இரண்டும், மாஸ்டரும் குற்றமற்றவை. கோளாறு பின்னால். எனக்கு அந்தக் கணத்தில் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. மூன்று நாளாக இருட்டில் தடவிக்கொண்டிருந்தேன்.

டிரம்மைக் கழற்றினோம். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவில் லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரமில்லை. ஆனால் ஷூக்களை விரித்துப் பிடிக்கும் பல் வைத்த அட்ஜஸ்டர் தூசியும் துருவும் சேர்ந்து அசையாமல் இறுகிக் கிடந்தது. ஷூ தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போயிருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கவே முதல் மிதியின் ஆயில் செலவாகிவிடும். இரண்டாம் மிதியில்தான் ஷூ டிரம்மைத் தொடும்.

"ஹேண்ட் பிரேக் போடுவாயா?" என்று அண்ணன் கேட்டார். இரண்டு வருடமாகக் கேபிள் துருப்பிடித்து நின்றுவிட்டது, கல் வைத்துத்தான் நிறுத்துகிறேன் என்றேன். என் வண்டியில் உள்ள அமைப்பில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் அந்த அட்ஜஸ்டர் ஒரு பல் நகர்ந்து ஷூவின் தேய்மானத்தை ஈடுகட்டும். இரண்டு வருடமாக அது நகரவே இல்லை. ஒரு கல் என் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் மட்டும் துளி பிரேக் கிரீஸ் தொட்டு மாட்டினோம். டிரம்மைப் போட்டு, பின் தட்டின் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் பல்லைத் தள்ளினேன். டிக், டிக், டிக். சக்கரம் இறுகியதும் நாலைந்து பல் பின்னுக்கு விட்டேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஷூ இலேசாக உரசும் ஓசை மட்டும் கேட்டது. இரண்டு பக்கமும் இதே மாதிரி. கேபிளையும் மாற்றினோம்.

மிச்சமிருந்த சிறு மெதுமெதுப்பு ஐந்தாவது நிப்பிளில் போனது. பின் அச்சுக்கு மேலே, சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. சில வண்டிகளில் அதற்கும் தனி நிப்பிள் உண்டு. சேறு அப்பி மூடிக் கிடந்ததால் நான் இத்தனை வருடம் அதைப் பார்த்ததே இல்லை. திறந்ததும் புஸ்ஸென்று காற்று நுரைத்து வந்தது.

முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன், பிறகு சுமையில்லாமல் மலை ஏறி இறங்கினேன், அதன் பிறகுதான் பழம் ஏற்றினேன். இப்போது எஞ்சின் ஓடும்போது அழுத்தி மிதித்தாலும் பெடலுக்கும் தரைக்கும் நடுவே என் நான்கு விரல் நுழைகிறது. வாரம் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். காரவள்ளி புளியமரத்தடியில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறேன். அதன் பிறகு, சரிவு என்பதால், கல்லும் வைக்கிறேன்.