தங்கையும் வாசல் பூட்டும்

பூட்டிய கதவை இருபது முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள் என் தங்கை. ஓசிடி, அதாவது ஒரே பயம் மனசைப் பிடித்துக்கொண்டு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை. முதலில் பார்த்த ஆலோசகர் ஒரு வருடம் சின்ன வயதுக் கதைகளையே கேட்டார். மனசு லேசானது, பூட்டுப் பயம் போகவில்லை.

அப்புறம்தான் இ.ஆர்.பி. என்ற சிகிச்சை பற்றித் தெரிந்தது. பயம் வரும், ஆனாலும் திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. பதற்றம் தானாக இறங்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். முதல் நாள் தெருமுனையில் நின்று அழுதாள். நானும் கூடவே நின்றேன்.

இப்போது ஒரே தடவை பூட்டிவிட்டு வந்துவிடுகிறாள்!

ஒரு சிகிச்சை பலிக்காவிட்டால் உங்கள் மேல் தப்பு என்று நினைக்காதீர்கள். “இதற்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்?” என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லையா? டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.