லெம்பேயில் மூன்றாவது படம்

இந்தோனேசியாவின் வடக்கு சுலவேசியில், பிடுங் துறைமுகத்துக்கு எதிரே லெம்பே தீவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஜலசந்தியின் அடியில் எரிமலைக் கருமணல். கடலுக்குள் படம் எடுப்பது என் தொழில். அந்த முறை வேலை கொடுத்தவர்கள் என்னிடம் கேட்டிருந்தது குறுங்கடற்குதிரையின் படம்.

முதல் நாளே கைடு 25 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போனார். ஒரு விசிறிப் பவளத்தின் முன் நின்று விரலால் காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. நீரில் சிவப்பு ஒளிதான் முதலில் மறையும். அங்கே விசிறி முழுக்கச் சாம்பல் நீலம். டார்ச்சை விரல்களால் மூடி, கசியும் வெளிச்சத்தை மட்டும் பக்கவாட்டில் விட்டார். பவள முடிச்சுகளில் ஒன்றுக்குக் கண் இருந்தது! இரண்டு சென்டிமீட்டர்கூட இராது. 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் விசிறிப் பவளத்தை மேலே எடுத்துவந்து ஆராய்ந்தபோதுதான் இந்த இனமே மனிதர் கண்ணில் பட்டது. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரோப் எனும் ஃப்ளாஷ் விளக்குகளை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் நீரில் மிதக்கும் தூசெல்லாம் பனிபோல் படத்தில் விழும். அதனால் இரண்டையும் வெளிப்பக்கமாக விரித்து வைத்தேன். முதல் படம். திரையில் விசிறியும் குதிரையும் இளஞ்சிவப்பாக மலர்ந்தன. எனக்கு மூச்சு முட்டியது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அது முதுகைக் காட்டியது. நான் சுற்றிப் போனேன். மறுபடி திரும்பியது. அதற்குக் கண்ணிமை கிடையாது, வெளிச்சத்தை மூடிக்கொள்ள வழியில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. அந்த ஆழத்தில் மேலே இருப்பதைவிட மூன்றரை மடங்கு வேகமாகச் சிலிண்டர் காற்று தீரும். கைடு என் கையைப் பிடித்தபோது நாற்பது படம் ஆகியிருந்தது.

படகில் அவர் கோபப்படவில்லை. "அது அந்த விசிறியை விட்டு எங்கும் போகாது சார். நாளைக்கும் படகு வரும். மறுநாளும் வரும்" என்றார்.

அன்று இரவு பார்த்தால், தேறியது மூன்றாவது படம் ஒன்றுதான். மீதியெல்லாம் முதுகு. அன்றிலிருந்து ஒரு உயிருக்கு ஐந்து படம், அதற்கு மேல் இல்லை. வேலை கொடுப்பவர்களிடமும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் அதே இடத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். கேமராவைப் படகிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கைடு அதே மாதிரி விரலிடுக்கில் வெளிச்சம் விட்டார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். வயிறு உப்பியிருந்தது. கடற்குதிரைகளில் குஞ்சு சுமப்பது ஆண்தான்.

அறைக்கு வந்து அந்த மூன்றாவது படத்தைத் திறந்தேன். அதிலும் வயிறு உப்பித்தான் இருந்தது.