ஆரத்தித் தட்டில் வேறொரு மஞ்சள்

குழந்தையோடு அக்கா வாசலில் நிற்கிறாள். ஆரத்தி கரைக்கப் போனால் மஞ்சள்தூள் டப்பா காலி.

தம்பி ஷில்லாங்கிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. வழக்கம்போல ஒரு ஸ்பூன் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்தேன். தட்டு முழுக்க ரத்தச் சிவப்பு!

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, குங்குமத்தையும் கொட்டிட்டியா?" என்றாள்.

அது லக்கடாங் மஞ்சள். மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் விளைவது. சுண்ணாம்பு பட்டதும் சிவப்பது மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள். நம் ஈரோட்டு மஞ்சளில் அது சுமார் 3 சதவீதம் என்றால், லக்கடாங்கில் 7-க்கும் மேல்.

ரகம் ஒரு காரணம்தான். ஆனால் மண், மழை, மலையின் உயரம் எல்லாமும் கிழங்குக்குள் கை வைக்கின்றன. அதே விதைக்கிழங்கை வேறு ஊரில் நட்டால் குர்குமின் அளவு மாறிவிடுகிறது.

"தினமும் ஒரு சிட்டிகை மஞ்சள்" என்று மருந்துபோல எழுதுகிறவர்கள் எந்த ஊர் மஞ்சள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. ஒருவரின் சிட்டிகை இன்னொருவருக்கு இரண்டு சிட்டிகை.

அப்புறம், குழம்புக்கு எனக்கு ஈரோட்டு மஞ்சள்தான். நாளைக்கே வாங்க வேண்டும்.