மூவாயிரம் பேருக்கு டம்ளரில் தண்ணீர்

கோவையில் நாங்கள் வருடா வருடம் நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 3,000 பேர் போல வருவார்கள். தண்ணீர்ப் பந்தல்கள் என் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன்பு வரை காகிதக் கப்பில்தான் கொடுத்தோம். பிளாஸ்டிக் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனது. எல்லோரும் கிளம்பிய பிறகு, ரேஸ்கோர்ஸ் சாலையில் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, தாரில் ஒட்டிக் கிடந்த கப்புகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நனைந்து, மிதிபட்டு, கல்லில் ஊற்றிய தோசை மாதிரி படிந்திருந்தன. "விளக்கமாத்துக்கு வர மாட்டேங்குதுங்க தம்பி" என்றார். நானும் உட்கார்ந்தேன். ஒரு கப்பைப் பிய்த்ததும் காகிதம் கூழாக வந்தது. உள்ளே இருந்த மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு மட்டும் கிழியாமல் கையில் நின்றது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நான்கு பந்தல், ஆளுக்கு ஒரு கப் என்றாலே 12,000. அத்தனையும் வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போயிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் எவர்சில்வர் டம்ளர் என்று ஆரம்பித்தேன். யார் கழுவுவது, திருட்டுப் போனால் யார் பணம் கட்டுவது என்று கேட்டார்கள். எங்கள் டாக்டர் கேட்டதுதான் சரியான கேள்வி: "கூட்டம் சேர்ந்து தண்ணி கிடைக்காம யாராவது மயங்கி விழுந்தா?" அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் 2,000 டம்ளர் எடுத்தோம், பந்தலுக்கு 500. கூடவே அண்டாக்கள்: ஒன்றில் சோப்பு, இரண்டில் அலச, கடைசியில் கொதிக்கும் தண்ணீர்.

டாக்டர் பயந்தது முதல் பந்தலிலேயே நடந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் கூட்டம் இன்னும் பிரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். பத்தே நிமிடத்தில் 500 டம்ளரும் அழுக்குக் கூடையில். கழுவுகிற கைகள் எட்டு, நீட்டுகிற கைகள் நூறு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது தன்னார்வலராக வந்திருந்த ஒரு அம்மா, சொம்பில் தண்ணீரை மொண்டு, "கையை நீட்டு சாமி" என்று ஊற்ற ஆரம்பித்தார். இரு கையையும் குவித்து வாங்கிக் குடித்து, மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். மற்ற தன்னார்வலர்களும் சொம்பு தேடினார்கள். யாரும் தாகத்தோடு போகவில்லை.

அந்த அம்மா செய்ததை வைத்தே அடுத்த வருடத் திட்டத்தைப் போட்டோம். முதல் பந்தலில் டம்ளரே கிடையாது. நீள மேசை, அதில் குழாய் வைத்த டிரம்கள், ஓரத்தில் ஆறு சொம்பு. சொந்த பாட்டில் கொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கையேந்தலாம். ஆறாவது கிலோமீட்டருக்கு மேல் ஆட்கள் இழையாக நீண்டு வருவார்கள். டம்ளர் அங்கேதான் சரிப்படும். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 23 டம்ளர் குறைந்தது. அதற்கான பணத்தைக் கட்டினோம். கப்புக்குச் செலவழித்ததோடு பார்த்தால் அது பெரிய தொகையே இல்லை.

மற்ற மாற்றங்களுக்கு இவ்வளவு பாடுபடவில்லை. டி-ஷர்ட் வேண்டுமா என்று பதிவின்போதே கேட்டோம். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள், வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸுக்குப் பதில் துணிப் பதாகை, அதில் வருடம் எழுதுவதில்லை. இது மூன்றாவது வருடமாக ஓடுகிறது. வாழைப்பழத் தோலை ஒரு தோட்டக்காரர் உரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்.

கார்கள்தான் இன்னும் அப்படியே இருக்கின்றன. காலை நாலரை மணிக்குப் பேருந்து கிடைக்காததால் காருக்கு ஒருவராக வந்து இறங்குகிறார்கள். கப்பைவிட இதில் ஆகும் கெடுதல் பெரிது என்று நினைக்கிறேன். சிங்காநல்லூரிலிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் வாடகைக்குப் பேருந்து விடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம். செலவுக் கணக்கை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.