மாமா பெயர் இருக்கும் கல்

டிசம்பர் 9, 2024, மயூர் விகார், டெல்லி

நேற்று காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அம்மா வந்து இறங்கினாள். பையில் முறுக்கு, புளி, அப்புறம் ஒரு பழைய டைரிக்குள் மடித்து வைத்த நீல இன்லேண்ட் லெட்டர். அதைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. “அண்ணன் பேரு கல்லுல இருக்குன்னு சொன்னியே, கூட்டிட்டுப் போ” என்றாள்.

2019 பிப்ரவரியில் இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவிடத்தைத் திறந்தபோதே நான் சொன்னது. ஐந்து வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன். மனசு உறுத்துகிறது.

டிசம்பர் 12

மாமா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் சண்டை. அந்தச் சண்டை என்றால் எல்லோருக்கும் 21 வயதில் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் நினைவுக்கு வருவார். வரவேண்டியதுதான். ஆனால் டாங்கிகள் போவதற்கு முன்னால், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் இருட்டோடு இருட்டாக இறங்கி வழி ஏற்படுத்தியவர்கள் சாப்பர்கள். அந்த வேலையில்தான், 15ஆம் தேதி ராத்திரி, மாமா போனார். வயது 22.

உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, களத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள். கார்கில் போரில் பட்டாலிக்கில் இறந்த மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் கிடைத்தது. ஆனாலும் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. 1999இல் டிவியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டிதான். ஸ்வெட்டர், சோப்பு டப்பா, இந்த இன்லேண்ட் லெட்டர். வெளியே அம்மாவின் பெயரும் விலாசமும் முழுசாக எழுதியிருக்கிறது. உள்ளே தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் ‘அன்புள்ள’. அவ்வளவுதான். அந்த ‘உ’வின் வால் மட்டும் கொஞ்சம் நீளமாக இழுபட்டிருக்கும்.

டிசம்பர் 15

இன்று போனோம். நாளை விஜய் திவஸ், 1971 போரின் வெற்றி நாள், கெடுபிடி இருக்கும் என்று இன்றைக்கே வைத்துக்கொண்டோம். நல்ல குளிர். தியாகச் சக்கரம் என்கிற வட்டத்தில் வரிசையாகச் சுவர்கள், ஒவ்வொரு கிரானைட் கல்லிலும் பொன் எழுத்தில் ஒரு பெயர். 25,000க்கும் மேல்.

காவலுக்கு நின்ற ராணுவ வீரரிடம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றதும் அவர் முகம் மலர்ந்து, “தம்பி!” என்றார். ராணுவத்தில் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா திகைத்துப் போனாள். “எங்க அண்ணனை இவர் ஏன் தம்பிங்கறாரு?” சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். அப்புறம், “இப்ப உன் பையனை விடவே சின்னவன்தானே” என்றாள்.

கல் கிடைத்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவள் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாக வைத்துச் சொன்னேன். அண்ணனைத் தொட்டுப் பார்க்க, 53 வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஓர் இடம். கல் சில்லென்று இருந்தது. முந்தானையால் இரண்டு தடவை துடைத்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

டிசம்பர் 16

காலையில் டிவியில் மலர்வளையம் வைப்பதைக் காட்டினார்கள். “ரேடியோவுல டாக்கா சரணடைஞ்சிருச்சுன்னு சொன்னதும் எங்கப்பா தெருவுக்கே கல்கண்டு குடுத்தாரு. அஞ்சு நாள் கழிச்சுத்தான் தந்தி” என்றாள் அம்மா. தாத்தா அதற்கப்புறம் கல்கண்டைத் தொடவே இல்லையாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

ராத்திரி ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். எந்தச் சுவர், எத்தனாவது வரிசை என்று தமிழில் எழுதித் தரவேண்டுமாம். ஊரில் இருந்து பிள்ளைகள் யாராவது வந்தால் தேடக் கூடாது. சீட்டின் தலையில் அவளே ‘உ’ போட்டிருந்தாள். அதற்குக் கீழே எழுதிக் கொடுத்தேன். லெட்டரோடு சேர்த்து டைரிக்குள் வைத்துக்கொண்டாள்.