மிஸ் மார்பிளைக் கணக்கில் சேர்க்காதவர்கள்

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த, துப்பு துலக்கும் மூதாட்டி மிஸ் மார்பிள் 1927 டிசம்பரில் ஒரு சிறுகதையில்தான் முதலில் வருகிறார். கணப்படுப்புக்குப் பக்கத்தில் பெரிய நாற்காலி, கையில் வெள்ளைக் கம்பளிப் பின்னல். செவ்வாய்தோறும் கூடி ஆளுக்கொரு மர்மம் சொல்வது என்று முடிவாகிறது. தலையை எண்ணினால் ஐந்து பேர் என்கிறார்கள். ஆறாவதாக நானும் இருக்கிறேனே என்று அவரேதான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது! பிறகு வந்த 12 நாவல்களிலும் கொலைகாரர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு இதுதான்.

அவர் துப்பு துலக்குவது உள்ளுணர்வால் என்று நினைத்துப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். அது ஞாபகசக்தி. அவர் வாழும் செயின்ட் மேரி மீட் கிராமத்தில் எந்த வேலைக்காரப் பெண் எப்படிப் பொய் சொன்னாள், எந்தக் கடைக்காரர் எதை மறைத்தார் என்று எல்லாம் மனசில் இருக்கும். சந்தேகத்துக்குரிய ஆளை அதில் ஒருவரோடு பொருத்திப் பார்ப்பார். வாசகர்கள் வழக்கமாகத் தாண்டிப் போவது இந்த ஊர்க்கதைகளைத்தான். தாண்டாதீர்கள். யாரை யாரோடு ஒப்பிடுகிறார் என்று குறித்து வைத்தால், விடை பல சமயம் அங்கேயே கிடக்கும்.

'தி பாடி இன் தி லைப்ரரி' (1942) நாவலில் பிணத்தைப் பார்த்ததும் அவர் கண்ணில் படுவது நகமும் உடையும். நகங்கள் கடித்துக் குதறியிருக்கின்றன. உடை பழசு. அலங்காரம் செய்துகொண்டு வெளியே கிளம்பும் ஒரு பெண் பழைய உடையை ஏன் உடுத்த வேண்டும்? வீட்டில் நாலு பெண்களை வளர்த்த எந்தப் பெரியம்மாவும் கேட்கக்கூடிய கேள்வி.

எனக்கு உச்சம் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' (1950). அதில் ஒரு பெண், "அவள் அங்கே இல்லை" என்று கத்துகிறாள். மூன்றே ஆங்கிலச் சொற்கள். எந்தச் சொல்லை அழுத்திச் சொன்னாள் என்பதில்தான் துப்பே இருக்கிறது. தமிழில் அந்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் 'தான்' போட வேண்டும்: 'அவள்தான் அங்கே இல்லை', 'அங்கேதான் அவள் இல்லை'. போட்டால் மர்மம் உடைந்துவிடும், போடாவிட்டால் துப்பு காணாமல் போகும். அதே நாவலில் ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலும் துப்பு. அதை மொழிபெயர்க்க வழியே இல்லை. இந்த ஒன்றையாவது ஆங்கிலத்தில் படியுங்கள்.

தொடங்குவதற்கு 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' (1932). 13 கதைகள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். விடை வருவதற்கு முன் புத்தகத்தை மூடி யோசிக்கலாம். அவர் வரும் முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' (1930) நல்ல கதைதான், ஆனால் அதில் மார்பிள் கொஞ்சம் வம்புக்காரர். பிற்காலத்துக் கனிவு குறைவு. 'ஸ்லீப்பிங் மர்டர்' 1976-இல், ஆசிரியர் இறந்த பிறகு வெளியானது. பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது என்பதால், கடைசிக் கதை என்று எடுத்தால் மார்பிளின் வயது இடிக்கும். முதுமை அடைந்த மார்பிளைப் பார்க்க வேண்டுமென்றால் 'நெமிசிஸ்' (1971).