பனி உருகி வரும் தண்ணீர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள கால்கரிக்குக் குடிவந்த முதல் மூன்று குளிர்காலங்களையும் நாட்காட்டியைக் கிழித்துத்தான் கழித்தேன். அக்டோபரில் விழத் தொடங்கும் பனி ஏப்ரலிலும் வாசலோரத்தில் அழுக்கேறிக் குவிந்து கிடக்கும். அதை வாரித் தள்ளும்போதெல்லாம், தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று மனம் கேட்கும். இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. மார்ச் மாதத்தில் மலைமேல் பனி குறைவு என்று தெரிந்தால் எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. அந்தக் கவலையை எனக்குத் தந்தது, குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் மீன்.

என்னுடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் என்னை முதலில் ஆற்றுக்கு அழைத்துப் போனார். தூண்டில் எனக்குப் புதிதல்ல. மண்புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை எப்போது அமிழும் என்று படித்துறையில் உட்கார்ந்து காத்திருந்த சிறுவன்தான் நான். ஆனால் மலையோடைகளில் இவர்கள் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் முறை வேறு. கொக்கியில் மயிரும் இறகும் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்யும் பொய்யிரைக்கு எடையே இல்லை என்பதால் அதை வீச முடியாது. தடித்த, கனமான நூலைத்தான் வீச வேண்டும், அந்த நூல் காற்றில் விரிந்து நீண்டு, கடைசியில் இரையைத் தண்ணீரின் மேல் இறக்கி வைக்கும். கோலைப் பின்னால் கொண்டுபோனதும், நூல் முழுவதும் பின்புறம் விரியும்வரை ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும். அந்த நிறுத்தம் கைக்குப் பிடிபடுவதற்காக, கொக்கிக்குப் பதில் கம்பளி நூல்துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, வீட்டருகே இருந்த பூங்காவின் புல்தரையில் ஒரு மாதம் மாலைதோறும் பழகினேன்.

இந்த மண்ணுக்கே உரிய கட்த்ரோட் என்ற டிரவுட் வசந்தத்தில் முட்டையிடுவதால், மலையோடைகள் பலவற்றில் ஜூன் நடுப்பகுதியில்தான் தூண்டில் போட அனுமதி உண்டு. 2,206 மீட்டர் உயரத்திலுள்ள ஹைவுட் கணவாய் வழியாகச் செல்லும் 40-ஆம் எண் நெடுஞ்சாலையும் டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை மூடியே இருக்கும். சாலை திறந்த முதல் வாரத்திலேயே ஆசையோடு தனியாகக் கிளம்பிப் போன எனக்கு, கரை தொட்டு ஓடிய செம்மண் நிற வெள்ளம்தான் கண்ணில் பட்டது. உருகும் பனி எல்லாம் ஒருசேர இறங்கி வரும் காலம் அது. 2013-ஆம் ஆண்டு ஜூனில், பனி இன்னும் மிச்சமிருந்த மலைமேல் கனமழையும் கொட்டியதால்தான் ஹைவுட் ஆறு பெருகி ஹை ரிவர் நகரையே மூழ்கடித்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அன்று தூண்டிலை எடுக்காமலேயே கரையில் நெடுநேரம் நின்றேன். ஊரிலும் ஜூன் மாதத்தில்தான் சாரல் தொடங்கி, மேற்கு மலையிலிருந்து தாமிரபரணிக்குப் புதுத்தண்ணீர் வரும். அங்கே மழையும் இங்கே பனியுமாக, இரண்டு ஆறுகளும் ஒரே மாதத்தில் பெருகுவதைக் கண்டதும், இந்த நாட்டில் முதன்முறையாக எனக்குப் பழகிய ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றியது.

ஜூலை நடுவில் வெள்ளம் வடிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குத் தண்ணீர் தெளியும். ஓடையைப் படிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்தே நிற்கும் என்பதால் நாம் பின்புறமிருந்து, அதாவது கீழிருந்து மேலாக, நடந்து நெருங்க வேண்டும். விரைவான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசிப் போகும் கோட்டிலும், பாறையின் முதுகுப்புறத்திலும், அதிகம் அலையாமல் இரை வந்து சேரும் இடங்களிலும்தான் அது காத்திருக்கும். மாலையில் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும், மழை விட்ட பொழுதில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் போல, தண்ணீரிலிருந்தே கேடிஸ் பூச்சிகள் கிளம்பிப் பறக்கும். ஓடையெங்கும் சின்னச் சின்ன வளையங்கள் தோன்றும். ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் ஒரு மீன். கட்த்ரோட் அவசரப்படாத மீன்; அடியிலிருந்து சாய்வாக எழும்பி, இரையின் கீழே வந்து, அதனோடு சேர்ந்து ஓர் அடி தூரம் மிதந்தபடி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அந்த வெள்ளை வாய் திறந்ததுமே கோலைத் தூக்கிவிட்டால் கொக்கி வெறுமனே வந்துவிடும். அது வாயை மூடித் திரும்பும்வரை பொறுக்க வேண்டும், அதற்கு நான் மனத்துக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொள்வேன். முதன்முதலில் கைக்கு வந்த மீன் ஒரு சாண் நீளந்தான் இருக்கும்: பொன்னிற உடல், வால்பக்கம் நெருங்கிக்கொண்டே போகும் கரும்புள்ளிகள், தாடைக்கடியில் குங்குமத்தைத் தொட்டு இழுத்தாற்போல் இரண்டு கீற்றுகள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. நல்ல வெயில் அடித்த பிற்பகல். அதுவரை நான் கண்டதிலேயே பெரிய கட்த்ரோட் மாட்டியது. நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அதை நெடுநேரம் ஓடவிட்டுக் களைக்கவைத்தேன். பிறகு தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக் கைப்பேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்தேன். தண்ணீரில் விட்டபோது அது நீந்தவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தது. முகத்தை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி, இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு முழங்காலிட்டிருந்தேன். செவுள் மூடி இரண்டு முறை அசைந்தது; பிறகு அசையவில்லை. அதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. ‘தண்ணீர் என்ன சூடு இருந்தது?’ என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அது கூடுதலாகத் தேவைப்படும். வெப்பம் கடுமையாகும் கோடைகளில் மாகாண அரசு சில ஆறுகளில் பிற்பகல் நேரத்தில் மீன்பிடிக்கத் தடை விதிப்பதும் இதனால்தான். அன்றிலிருந்து ஒரு வெப்பமானி என் சட்டைப்பையில் இருக்கிறது. 18 டிகிரியைத் தொட்டால் நூலைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறேன். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்கிறேன், கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன், படம் எடுப்பதில்லை. பனியின் அருமை புரிந்ததும் அந்த வெப்பமானியால்தான். மலைமேல் குளிர்காலம் முழுவதும் சேரும் பனி ஓர் அணைக்கட்டு. அது கொஞ்சங்கொஞ்சமாக உருகி, ஒரு பகுதி நேரே ஓடையிலும், ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகக் கசிந்தும் வருவதால்தான் மழை குறைந்த ஆகஸ்டிலும் ஓடையில் குளிர்ந்த நீர் இருக்கிறது. நான் சபித்துக்கொண்டே வாரித் தள்ளிய பனிதான் அந்த மீனுக்கு மூச்சு.

செப்டம்பரில் மலைச்சரிவில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது, ஆல்பர்ட்டாவின் மாகாண மீனான புல் டிரவுட் முட்டையிடுவதற்காகச் சிற்றோடைகளுக்குள் ஏறி வரும். பெண்மீன் வாலால் கூழாங்கற்களை வாரிக் குழி பறித்த இடம், பாசி நீங்கிப் பாத்திரம் விளக்கி வைத்தாற்போல் வெளுத்துத் தெரியும். அந்த இடத்தில் காலை வைத்துவிடக் கூடாது. முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இல்லையென்றால் அது புல் டிரவுட். தப்பித் தவறி மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கால்கரிக்குள் ஓடும் போ ஆற்றில் பலரும் விரும்பிப் பிடிக்கும் பிரவுன் டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1925-இல் மீன்குஞ்சுகளை ஏற்றி வந்த வண்டி பான்ஃப் அருகே பழுதாகி நின்றுவிட, வேறு வழியின்றி அவற்றை ஓடையில் விட்டதில் பரவியது என்று இங்கே சொல்வார்கள். வந்தேறிய மீன் செழித்திருக்க மண்ணின் மீன் மலையுச்சிக்கு ஒதுங்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் இறுதியில் மலையோடைகள் மூடப்பட்டபின் சமையலறை மேசைதான் என் ஆறு. சேவலின் கழுத்திறகையும் எல்க் மானின் மயிரையும் பரப்பி வைத்துக்கொண்டு, அடுத்த கோடைக்கான கேடிஸ் பூச்சிகளைக் கட்டுகிறேன். நூலை இறுக்கியதும் உள்ளே துளையுள்ள மான்மயிர் விசிறிபோல் விரிந்து நிற்கும். அந்த மயிரில் அடைபட்ட காற்றுதான் இரையை மிதக்கவைக்கிறது. மலைகளில் பனியின் எடையை அளந்து, அதில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் அடங்கியிருக்கிறது என்று காட்டும் கருவிகளை மாகாண அரசு நிறுவியிருக்கிறது. அந்தக் கணக்கை வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் பேசும்போது, பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் பேச்சை முடிக்க மாட்டாள். முன்பெல்லாம் வெறுமனே கேட்டுக்கொள்வேன். போன பிப்ரவரியில் அவள், ‘அணையில நூத்திப் பத்தடி நிக்கிய்யா, இந்தக் கோடைக்குப் பயமில்ல’ என்றபோது, நானும் ஹைவுட் மலையின் கணக்கைச் சொன்னேன். ‘அது உங்களுக்குப் போதுமாய்யா?’ என்று அவள் கேட்டாள். இன்னும் இரண்டு முறை நன்றாக விழ வேண்டும் என்றேன்.